சபையில் சொன்ன சொல்

ஷண்முகப்ரியாவைப் பற்றி அவர்கள் சொந்தத்தில் யாரிடம் கேட்டாலும், "அழுத்தக்காரி" என்பார்கள். எல்லாருக்கும் அவளிடம் கொஞ்சம் பயம். இருக்கட்டும், அந்தக் கூட்டத்துக்கு அது வேண்டியதுதான்.

அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அடையாற்றில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும்போது அவளுக்கு அது ஆரம்பித்தது. செய்முறைத் தேர்வன்று பஸ்ஸை விட்டு இறங்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது, கை சில்லிட்டது, செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். கல்லூரி ஆலோசகர் பக்கத்துத் தெரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். பதற்ற நோய் என்றார் டாக்டரம்மா. மாத்திரை, பேச்சு, மூச்சுப் பயிற்சி என்று ஒரு வருஷம் போய்வந்து தேறினாள். பெருங்குடியில் வேலைக்கும் சேர்ந்தாள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆனால் அத்தை பேச்சியம்மாளுக்குப் பழைய மனக்குறை ஒன்று இருந்தது. தன் மகன் பாலகணேஷுக்கு ப்ரியாவைக் கேட்டும் அப்பா கொடுக்கவில்லை. ப்ரியாவுக்குக் கோவில்பட்டி மாப்பிள்ளை அமைந்தார். அவர்கள் குடும்பத்தில் பெண்ணை வெளியே கொடுத்தால், தட்டு மாற்றும் முன் சபையில் அத்தையிடம் முறை கேட்க வேண்டும். "விட்டுக்கொடுக்கியா?" என்று பெரியவர் கேட்பார். "சந்தோசமா விட்டுக்கொடுக்கேன்" என்று அத்தை சொல்ல, ஒரு பட்டுப்புடவை கொடுப்பார்கள். வெறும் சம்பிரதாயம்.

ப்ரியாவின் நிச்சயத்தில் பெரியவர் கேட்டதும் பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். "தாராளமாக் கெட்டிட்டுப் போங்க. மனசு சரியில்லன்னு அடையாத்து டாக்டர்ட்ட போறவள நான் எம் மவனுக்கு எடுக்க முடியுமா?"

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமலே கிளம்பினார்கள். அம்மா அழுதாள், அப்பா கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ப்ரியா அழவில்லை. என்றைக்காவது இந்தப் பொம்பளை தன் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

சில வருஷம் கழித்து வந்து நின்றாள். வீடு கடைக்கு மேலேதான்; கடை வழியாக வராமல் பின்பக்கப் படியேறி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

"ஏட்டி ப்ரியா, பாலகணேஷுக்கு நெஞ்சு அடைக்குதுங்கான். மூணு தடவ ஈசிஜி எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல, பதட்டம்ங்காவ. தனியா வெளிய போவே மாட்டேங்கான். நீ கூட வந்தாத்தான் டாக்டர்ட்ட போவேங்கான். யாருக்கும் தெரியாம கூட்டிட்டுப் போயிட்டு வாட்டி."

யாருக்கும் தெரியாமலாம்! ப்ரியாவுக்கு அந்த நிமிஷம் தேனாக இனித்தது.

"கூட்டிட்டுப் போறேன் அத்தை. அடுத்த வாரம் தாரணி நிச்சயத்துல உங்ககிட்ட முறை கேப்பாங்கல்ல, அப்ப சபையில சொல்லுங்க."

"நான் பேசினது தப்புன்னு சொல்லுதேன்."

"அது பத்தாது. இப்ப யார் அந்த டாக்டர்கிட்ட போகணும்னும் சேர்த்துச் சொல்லுங்க."

தாரணி பெரியப்பா மகள். அவள் நிச்சயத்தன்று மாலைக்கே டாக்டரிடம் பாலகணேஷ் பெயரில் நேரம் வாங்கி, மண்டப வாசலில் ஆட்டோவையும் நிறுத்திவைத்தாள் ப்ரியா. பழி வேறு, வைத்தியம் வேறு என்பது அவள் கணக்கு. அவனோ டாக்டரிடம் அவள் கூட வருகிறாள் என்ற தைரியத்தில் ஆண்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

பெரியவர் முறை கேட்டார். பேச்சியம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "விட்டுக்கொடுக்கேன். ப்ரியாவப் பத்தி அன்னைக்கு நான் பேசினது தப்பு. எம் மவனுக்கும் இப்ப அதே பதட்டந்தான். அதே டாக்டர்ட்டதான் போப்போறான்."

மண்டபம் மொத்தமும் பாலகணேஷ் பக்கம் திரும்பியது. ப்ரியா அத்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆசை தீர. அவன் எழுந்து போனதை யாரோ சொல்லித்தான் கவனித்தாள்.

வாசலுக்கு ஓடினாள். "வாங்க அத்தான், ஆட்டோ நிக்குது."

அவனுக்கு மூச்சு வாங்கியது. எந்த மூச்சு என்று அவளுக்குத் தெரியும். கையைப் பிடிக்கப் போனாள், உதறினான்.

"உனக்கும் அம்மைக்கும் ஆயிரம் இருக்கும். என்னைய எதுக்குட்டி நடுவுல நிப்பாட்டுன? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் கடைத்தெருக் கூட்டத்துக்குள் போய்விட்டான். தேடிப் பார்த்தாள், போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, வண்டி எடுக்கட்டா, வேணாமா?"

ஏறிக்கொண்டாள். அடையாற்றில், டாக்டர் அறைக்கு வெளியே, "பாலகணேஷ்" என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்ட பிறகு, தான் செய்ததைச் சொல்ல ஷண்முகப்ரியா எழுந்து உள்ளே போனாள்.