நேற்று உங்களிடம் யார் பேசினார்கள்?

என் வீட்டுக்குக் கீழே இருக்கும் மருந்துக் கடைக்குச் சித்தூரிலிருந்து போன் வந்தது. கடைக்காரர் படியேறி வந்து, சற்றுத் தயங்கி, "அம்மா, உங்க டாக்டரம்மா தவறிட்டாங்களாம்" என்றார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். விடிந்து பால்காரம்மா தட்டியும் கதவு திறக்கவில்லையாம். "கஷ்டப்படாம போய்ட்டாங்க, கொடுத்து வெச்சவங்க" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். நல்ல மனுஷர். எனக்கோ அழுகை வருவதற்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்தது. முந்தின நாள் அவரிடம் யாராவது பேசினார்களா? முட்டி வலியோடு படியிறங்கி, திருப்பதியில் பஸ் ஏறி சித்தூரில் இறங்கும்வரை அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

டாக்டர் கிருபாவதியோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளில், திருப்பதி ஆஸ்பத்திரியில் இருந்த எங்கள் இருவரிடமும் ஒரு வேலை வந்தது. மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று ஊர் ஊராகப் போய் அளந்து வர வேண்டும். அவர் டாக்டர், நான் கணக்குப் போடுகிறவள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வடமாலபேட்டை, விஜயபுரம் பக்கமெல்லாம் அலைந்தோம். அவர் ரத்த அழுத்தம் பார்ப்பார், கண் இமையை இழுத்து ரத்தசோகை பார்ப்பார், முட்டி வலியா, ராத்திரி தூக்கம் வருகிறதா, திடீரென்று உடம்பு கொதிக்கிறதா என்று கேட்பார். கடைசியில், "மனசுக்கு நிம்மதியா இருக்கீங்களா?" அத்தனை பேரும் "நல்லா இருக்கேன்" என்றார்கள். ஒருத்தி பாக்கியில்லை. அந்த ஜில்லாவிலேயே நிம்மதி இல்லாத பொம்பளைகள் நாங்கள் இரண்டு பேர்தான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டோம்.

விஜயபுரம் பக்கத்துக் கிராமத்தில் முனியம்மா என்றொரு அம்மாள். "எனக்கு இன்னா கொற? என் புள்ள ராஜாத்தி மாதிரி வெச்சிக்கினு இருக்கான்" என்று உரக்கச் சொன்னாள். மருமகள் கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பித் தெருமுனைக்கு வந்த பிறகு முனியம்மா பின்னாலேயே வந்து டாக்டரின் பையைப் பிடித்தாள். "நீங்க ஊட்டுக்குள்ள குந்திக்கினு கேட்டா நான் இன்னாம்மா சொல்றது? என் புள்ள பேரு கெட்டுப்பூடாதா?" என்றாள். திரும்பி வேகமாகப் போய்விட்டாள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கனகா, இத்தினி மாசமா பொம்பளைங்க நிம்மதிய அளக்கல நாம. புள்ளைங்க மானத்த அளந்துக்கினு இருக்கோம்."

அதன் பிறகு வீட்டுக்குள் போய் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். வேர்க்கடலை அறுவடை ஆரம்பித்ததும் முனியம்மா ஊர் நிலத்துக்குப் போனோம். பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். கை பாட்டுக்கு வேலை செய்யும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை, வாய் தானாகத் திறக்கும். டாக்டரம்மாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். சரியான தத்தி. "அய்ய, காய உட்டுட்டு வேர ஆயறாங்க பாரு! இவங்க கையில ஊசி போட்டுக்கினா அவ்ளோதான்" என்று கெக்கலித்தார்கள். அவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

சிரிப்பு அடங்கியபோது முனியம்மா தானாகவே பேசினாள். "முன்னெல்லாம் மாசத்துல மூணு நாளு பின்னாடி கொட்டாயில ஒதுங்கிக் குந்திக்கினு இருப்பேன். ஒண்ணையும் தொடக் கூடாது, ஒரு வேலையும் செய்யக் கூடாது. பக்கத்தூட்டுக்காரி எட்ட நின்னுக்கினு ஊர்க் கதையெல்லாம் பேசுவா. இப்ப நின்னுபூட்ச்சி. சுத்தமாயிட்டேன் இல்ல? படையல்னாலும் நான், ஊறுகா போடறதுன்னாலும் நான், காணிப்பாக்கம் கோயிலுக்குப் போறவங்களுக்குச் சோறு கட்டறதும் நான். எங்கிட்டப் பேசறதுக்குத்தான் ஆளு இல்ல."

டாக்டரம்மா சித்தூர் மிஷன் சபைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வீட்டில் ஒதுங்கி உட்காரும் வழக்கம் கிடையாது. நான் நகரிக்காரி, அந்த மாதிரிக் கொட்டகையில் உட்கார்ந்து எழுந்தவள், எனக்கே இது தோன்றியதில்லை. அவர் செடியைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து உங்ககிட்ட யாரு பேசினாங்க?" என்று கேட்டார்.

"சோறு ஆயிட்ச்சான்னு கேட்டாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டினியான்னு கேட்டாங்க."

"அது வேலை. பேசினது யாரு?"

முனியம்மாவின் கை நின்றது. "நேத்து யாருமில்ல."

"முந்தாநாளு?"

"இரு, யோசன பண்றேன்" என்றாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். சுற்றி இருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திரும்பி வரும்போது டாக்டரம்மா சொன்னார்: "தீட்டுன்னு ஒதுக்கி வெச்சத நல்லதுன்னு நான் எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒதுக்கலுக்குள்ளயும் இவங்க கொஞ்சம் ஓய்வையும் பேச்சையும் திருடி வெச்சிக்கினு இருந்திருக்காங்க. அதுவும் போச்சி." அன்று முதல் எல்லாப் பெண்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார். அறிக்கைக்காக மேலதிகாரிகள் திருப்பதியில் கூட்டம் போட்டபோது, "பேச்சை எந்த யூனிட்டில் அளப்பீர்கள்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். "உங்க ஊட்டம்மாவக் கேட்டுட்டு வாங்க, யூனிட்டு அவங்களுக்குத் தெரியும்" என்றார் இவர். சிரிப்பு நின்றது, ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். அறிக்கையில் ரத்த அழுத்தமும் முட்டி வலியும் மட்டும் போயின. சண்டை போட்டுப் பார்த்தார். ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, என்னிடமும் சேர்த்து.

அவருக்கும் அந்தச் சமயத்தில்தான் மாதவிலக்கு நின்றுகொண்டிருந்தது. மார்கழிக் குளிரில் பஸ் ஜன்னலைத் திறந்துவிடுவார். பின்சீட்டிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் வசவு வரும். "எனக்கு உள்ள அடுப்பு எரியுது. குளுருதுன்னா கிட்ட வந்து காய்ஞ்சிக்கோங்க" என்பார். அப்படி ஒரு திங்கட்கிழமை, புத்தூரைத் தாண்டியிருப்போம். விளையாட்டாகத்தான் கேட்டேன், "டாக்டரம்மா, நேத்து உங்ககிட்ட யாரு பேசினாங்க?"

சிரித்தார். பிறகு வெளியே பார்த்தார். ரேணிகுண்டா வந்தபோது ஜன்னலைச் சாத்தினார். "நேத்து ஞாயித்துக்கிழமை. சபைக் கோயில்ல ஐயர் பிரசங்கம் பண்ணாரு" என்றார். "அது எல்லாருக்கும் பண்ணது, இல்ல?" அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளாதவர், வாடகை வீட்டில் தனியாக இருந்தவர். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும்.

ஓய்வு பெற்று அவர் சித்தூருக்கே போனார். என் வீட்டுக்காரர் காலமாகி, மகன் மெட்ராஸில் வேலைக்குப் போய், நான் திருப்பதியில் தனியானேன். என் முட்டிகள் படியிறங்க மறுத்ததால் அவர்தான் பஸ் ஏறி வருவார். வந்ததும் கையில் பட்டியைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். "இது கெடக்குது. நேத்து யாரு பேசினாங்க, அதச் சொல்லு" என்பார். "கீழ மருந்துக் கடைக்காரர்" என்றால், "மாத்திர வாங்கினதெல்லாம் பேச்சில்ல" என்று அதட்டுவார். சாயங்காலம்வரை இருப்பார். நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. விலைவாசி, அவர் கோயிலில் பாட்டுக் கோஷ்டியின் சுருதி, யாருக்கு என்ன வியாதி, இவ்வளவுதான். கடைசி முறை மழை என்று வரவில்லை.

அடக்கத்துக்கு முன் அவர் வீட்டில் பக்கத்துப் போர்ஷன் அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "முந்தின நாளு இவங்ககிட்ட யாராச்சும் பேசினீங்களாம்மா?" அவள் பயந்துவிட்டாள். "நாங்க இன்னா பண்ணோம்? எதுக்கு இப்டி விசாரிக்கிறீங்க?" என்று குரலை உயர்த்த, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ சந்தேகத்தில் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவம். சமாதானப்படுத்திய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "காலைல வாசல்ல பாத்தேன். எப்டி இருக்கீங்க டாக்டரம்மான்னு கேட்டேன். நல்லா இருக்கேன்னாங்க. அப்புறம் உள்ள போய்ட்டாங்க."

ஐயோ, நல்லா இருக்கேன் என்றாராம். அந்தச் சொல்லை நம்பாதே என்று ஊரெல்லாம் சுற்றி எனக்குக் கற்றுக்கொடுத்த மனுஷி. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் கேட்கிறேன். அந்த நாள் மதியமோ மாலையோ உங்களில் யாராவது அவரைத் தெருவில், கடையில், கோயில் வாசலில் நிறுத்தி, மருந்து கேட்காமல், வேலை எதுவும் சொல்லாமல், சும்மா பேசிக்கொண்டிருந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். என்ன பேசினீர்கள் என்றுகூட வேண்டாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர் ஒருவர்தான்.