கருவாட்டுக் கூடாரத்தின் மதிப்பீடு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சாய்ந்தமருதுக் கடற்கரைக்கு விஞ்ஞானம் ஜீப்பில் வந்து இறங்கியது. மூங்கில் கம்புகளில் பொலித்தீன் போர்த்திய ஒரு கூடாரம். அதற்குள் மீனைப் பரப்பினால் ஈ மொய்க்காமல், மண் ஒட்டாமல், வெயிலின் சூட்டிலேயே கருவாடாகிவிடுமாம். அதுவரைக்கும் எங்கள் கடற்கரையில் சூரியன் சும்மாதான் எரிந்துகொண்டிருந்தது போலும்.

நான் அந்தத் திட்டத்தின் கள உத்தியோகத்தர். படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த எனக்கு ஒரு சைக்கிளும் ஒரு கட்டுப் படிவமும் தந்து, விஞ்ஞானம் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். படிவத்தின் கடைசிக் கேள்விக்கு மூன்று பெட்டிகள்: மிகத் திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி. திருப்தி இல்லாதவருக்குப் பெட்டி இல்லை. அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று கொழும்பில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் இருந்தார். எனக்குத் தூரத்து உறவில் அக்கா முறை. ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் மௌத்தான பிறகு கருவாடு போட்டுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். திட்டத்தில் அவருக்கும் ஒரு கூடாரம் கொடுத்திருந்தார்கள்.

“தம்பி, இதுக்குள்ள மீன் காயல்ல, அவியிது. ரெண்டு தரம் புழு வெச்சி, அள்ளிக் கடல்ல கொட்டிட்டன். ஒங்கட ஆக்கள்ட்டச் செல்லி ஒரு சிமெந்துத் தரை போட்டுத் தாங்களன். மண் ஒட்டாம நானே காயப்போடுவன்.”

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு ‘ஓரளவு திருப்தி’க்கு நேரே சரி போட்டேன். சிமெந்துத் தரை என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். கூடாரம் தோற்றால் என் சைக்கிளும் போய்விடும்.

பிறகு வெளிநாட்டிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். வீடு தேடி வந்த விருந்தாளி தந்த சாமானைக் குறை சொல்லுகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ராத்தா என்ன செய்தார் என்றால், மணலில் பாய் விரித்து நான்கு நாள் காயவைத்த சூடைக் கருவாட்டை அன்று காலை எடுத்துக் கூடாரத்துக்குள் அழகாக அடுக்கிவைத்தார். விருந்தாளியின் மனம் நோகக்கூடாதல்லவா! மதிப்பீட்டாளர் ஒன்றை எடுத்து ஒடித்தார். சடக்கென்று முறிந்தது. எப்போது உள்ளே வைத்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“காலையில, சேர்,” என்றார் ராத்தா. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், எழுதினார். நான்கு நாள் வேலையை நான்கு மணித்தியாலத்தில் முடிக்கும் கூடாரத்தைக் கண்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் வழிந்தது. உண்மை தெரிந்த ஒரே உத்தியோகத்தனான நான், ராத்தா வீட்டுக் கருவாட்டுக் கறியோடு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

அறிக்கை அருமையாக வந்தது. கூடாரம் வெற்றி; இன்னும் பல கடற்கரைகளுக்கு அனுப்பலாம். ஒரேயொரு குறை, சில பெண்கள் இன்னும் மணலிலேயே காயவைக்கிறார்கள். காரணம் அறியாமை. பரிகாரம், கருவாடு காயவைக்க மூன்று நாள் பயிற்சி. பயிற்றுநர் யார்? வாழ்நாளில் ஒரு நெத்தலிக்குக்கூட உப்புப் போட்டறியாத நான்.

ராத்தா முன்வரிசையில் வந்து இருந்தார். ‘மீனை முதலில் நன்றாகக் கழுவ வேண்டும்’ என்று நான் தாளைப் பார்த்து வாசித்தபோது மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கப் போன பிறகு கிட்ட வந்தார்.

“வெள்ளைக்காரனுக்குத் தெரியா. ஒனக்குத் தெரியுந்தானே, தம்பி?”

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் யாரும் உத்தியோகத்தை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை, நானும் விடவில்லை.

அந்த மாரியில் மழை விடாமல் பெய்தது. காய்ந்த மணல் ஒரு பாய் அளவுக்கும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் ராத்தா கைமுதல் எல்லாம் போட்டு வாங்கிய மீனைக் கூடாரத்துக்குள் பரப்பினார். மூன்றாம் நாள் தெருவே நாறியது. அதோடு அவர் கருவாட்டை விட்டுவிட்டு, மருதமுனையில் ஒரு தறிக்காரருக்கு நூல் சுற்றிக் கொடுக்கப் போனார்.

அடுத்த வருடம் பயனாளிகளின் நிலையை விசாரித்துக் கடிதம் வந்தது. அதில் ஒரு தனிப் பட்டியல் கேட்டிருந்தார்கள்: திட்டத்தின் பயனாக வேறு தொழிலுக்கு முன்னேறியவர்கள். முதலாவதாக ராத்தாவின் பெயரை எழுதினேன்.