பல் தெரியாத பாடகர்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பல்செட் செய்வது. எங்கள் வீட்டு முன்னறையில் ஊரார் வாயெல்லாம் அச்சாக அலமாரியில் அடுக்கியிருக்கும். அச்சு மாவும் மெழுகும், பல்லை உரசும் மிஷினின் சத்தமுமாக வாரம் முழுக்க ஓடும். சனிக்கிழமை மதியம் ஆனதும் மனிதர் கையைக் கழுவிக்கொண்டு பழைய ரெகார்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். அப்போது முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை வந்திருக்கும்.

அவர் ரெகார்டு வாங்கும் லட்சணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பாட்டைக் கேட்டு வாங்க மாட்டார், பேரைப் பார்த்தும் வாங்க மாட்டார். அட்டையில் பாடகர் வாயைத் திறந்து சிரிக்கிறாரா என்று பார்ப்பார். சிரித்தால் போச்சு. பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பல்லை ஆராய ஆரம்பித்துவிடுவார்.

"இந்த முன்பல் இடைவெளியைப் பார்த்தியா? மூச்சு இது வழியா வரும்போது குரல்ல ஒரு காத்து இருக்கும். கேட்டுப் பாரு."

கேட்டுப் பார்ப்பேன். காற்று இருக்கும், குரலைத்தான் காணோம்.

நான் துணி மடித்துக்கொண்டிருக்கும் அறையில் ரெகார்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எப்படி இருக்கிறது என்று என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். வீட்டில் நடப்பது அவருக்கு ஒத்திகை. அரங்கேற்றம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடையின் பின்னறையில்.

அங்கே கூடுவது கடைக்காரர், தையற்கடை அக்கா, ரிட்டயரான பஸ் டிரைவர் அண்ணன், நாங்கள் இருவர். ஆளுக்கொரு ரெகார்டு, அந்தக் கடையில் தோண்டியெடுத்ததாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் முழுக்க ஓடும். நடுவில் யாரும் பேசக்கூடாது, ஆனால் எழுந்துபோய் டீ போட்டுக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்பதை மனசு நோகாமல் சொல்ல அவர்கள் கண்டுபிடித்த வழி அது. என் வீட்டுக்காரர் ரெகார்டு போட்டால் முதல் பாட்டு முடிவதற்குள் கெட்டில் விசில் அடித்துவிடும். தையற்கடை அக்கா இவருடைய ரெகார்டுக்காகவே தாகத்தைச் சேர்த்து வைத்திருப்பார்.

இவர் அங்கே சிரித்துச் சமாளிப்பார். திரும்பி வரும் வழியெல்லாம் வாயைத் திறக்க மாட்டார். ஒரே ஒரு தடவையாவது, ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழாமல் தன் ரெகார்டைக் கேட்கவேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது. எனக்குப் பாவமாக இருக்கும், கூடவே கோபமும் வரும். ஒப்புக்காவது 'நல்லாருக்கு' என்று சொன்னால் இவர்கள் சொத்தா கரைந்துவிடும்?

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை, முகமே இல்லாத அட்டையோடு வந்து நின்றார். கடல், ஒரு படகு, புரியாத ஏதோ மொழியில் எழுத்து. அவ்வளவுதான்.

"பல்லே தெரியலையே, எப்படி வாங்கினீங்க?"

"கடைக்காரர் சும்மா குடுத்தார். ஒரு பெட்டி நிறைய பழசு வந்துச்சாம். அவரே இன்னும் போட்டுப் பார்க்கலையாம்."

போட்டார். அடிவயிற்றிலிருந்து எழும்பி வருகிற ஓர் ஆண் குரல். ஒவ்வொரு சொல்லையும் விட மனமில்லாமல் இழுத்து இழுத்துப் பாடியது. நான் பாதி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மாதக் கூட்டத்தில் ஒருவரும் எழவில்லை. தையற்கடை அக்கா பழக்கதோஷத்தில் பாதி எழுந்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அண்ணனின் மனைவி தவறிப்போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அன்று அவர் கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை. பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்க" என்றார். அந்த அறையில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதே கிடையாது. என் வீட்டுக்காரர் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். எனக்கும் அன்றைக்கு ரொம்ப சந்தோஷம்.

சில நாள் கழித்து எங்கள் மகள் தன்னுடைய சின்ன ரெகார்டைக் கேட்டுவிட்டு, வேகத்தை மாற்றும் குமிழைத் திருப்பி வைக்காமல் போய்விட்டாள். சின்ன ரெகார்டு வேகமாகச் சுற்றவேண்டும், பெரியது மெதுவாக. அதுதான் வழக்கம். நான் கவனிக்காமல் படகு ரெகார்டை அதே வேகத்தில் போட்டுவிட்டேன்.

ஆண் குரல் காணாமல் போயிற்று. கணீரென்று ஒரு பெண், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி, துள்ளித் துள்ளிப் பாடினாள். பின்னால் யாரோ ஜோராகக் கைதட்டினார்கள். நாங்கள் அதுவரை அதைக் கதவு தட்டும் சத்தம் என்று நினைத்திருந்தோம். பெரிய ரெகார்டாக இருந்தும் வேகமாகச் சுற்றவேண்டிய ரகம் அது. என் வீட்டுக்காரர் யாருடைய கீழ்த்தாடையையோ கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

"யாரு இது?"

"உங்க ஆளுதாங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சொல்லவே வேண்டாம் என்றேன் நான். "டிரைவர் அண்ணன் அந்தக் குரலை எவ்வளவு ஆசையா கேட்டார். விடுங்க, கமுக்கமா இருந்துடலாம்."

"அளவு தப்பான பல்லை மாட்டிவிட்டு, ஜம்முனு இருக்குன்னு ஒருத்தரை அனுப்ப முடியுமா? எனக்கு வராதும்மா" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "போன தடவை நான் போட்டது தப்பான வேகம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சரியான வேகத்தில் போட்டார். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையற்கடை அக்கா, "இதுக்கா நான் டீயைத் தியாகம் பண்ணேன்!" என்று கெட்டில் பக்கம் போய்விட்டார். நான் டிரைவர் அண்ணனைத்தான் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்றே நினைத்தேன். அவர் நிமிர்ந்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"எங்க வீட்டுல அவ இப்படித்தான் பேசுவா. சடசடன்னு, மூச்சே விடமாட்டா. அவ குரலு எனக்கு ஞாபகத்துக்கே வரமாட்டேங்குதேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை போடுங்க. இதே வேகத்துல."

மறுபடி போட்டார் என் வீட்டுக்காரர். முடிந்ததும் ரெகார்டை அட்டைக்குள் செருகி அண்ணன் கையில் கொடுத்தார். "நீங்களே வெச்சுக்குங்கண்ணே."

திரும்பி நடக்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இருந்தது ஒரே ஒரு நல்ல ரெகார்டு. அதையும் தூக்கிக் குடுத்துட்டீங்க."

"ரெகார்டா முக்கியம்? நாம போடறதை மனசு வெச்சு கேக்க ஒரு ஆள் வேணும். இத்தனை வருஷத்துல இப்பதான் கிடைச்சிருக்கார்."

எனக்கு வந்ததே கோபம்! நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"அப்ப நான் யாரு? சுவரா? அந்த முன்பல் ஆளு மூணாவது பாட்டுல தொண்டை கமறி ஒரு அடியை முழுங்கிடுவாரே, யார் கேட்டது? தெத்துப்பல் அம்மா கடைசிப் பாட்டுல சிரிப்பை அடக்க முடியாம திணறுவாங்களே, அது யாருக்குத் தெரியும்? உங்க கூட்டத்துல ஒருத்தருக்காவது தெரியுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரொம்பத் தயங்கி, "உனக்கு அதுல எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைக் கேட்டதே இல்லை. "ஒண்ணா ரெண்டா, எதைன்னு சொல்றது?" என்று முறைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். வீடு வந்து சேர்ந்தும் நான் நிறுத்தவில்லை, அவரும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.