விளம்பரத்தை நம்பிய ஆட்டக்காரன்

விளம்பரத்தால் நல்ல விளையாட்டுப் பண்பை வளர்க்கலாம் என்று யாராவது என்னிடம் கதைக்க வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வளர்த்த லட்சணத்தை எங்கள் கடற்கரை மைதானத்தில் கண்ணால் பார்த்தவன் நான்.

கல்முனையில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. அனுசரணை ஒரு சோடாக் கம்பனி. மைதானத்தைச் சுற்றிப் பெனர்கள்: 'விழுந்தவனைத் தூக்குபவனே வீரன்.' அதற்கு ஒரு வீடியோவும் எடுத்திருந்தார்கள். சென்ற வருடம் கிண்ணம் வென்ற கழகத்தின் கப்டன்தான் கதாநாயகன். வெறும் கோலுக்கு முன்னால் பந்தோடு நிற்கிறான்; பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் விழுகிறான்; உடனே இவன் பந்தை வெளியே உதைத்துவிட்டு ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்குகிறான். பிறகு இரண்டு பேரும் சோடா குடிக்கிறார்கள். மாஷா அல்லாஹ், என்ன பண்பு! மெய்யான ஆட்டத்தில் அவனுடைய முழங்கை இடிக்காத விலா எலும்பு இந்தக் கரையோரத்தில் இல்லை.

என் தம்பி அந்த வீடியோவில் உருகிப்போனான். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டு, அண்ணன் என்று என்னையும் இழுத்து வைத்துக் காட்டுவான்.

"பாருங்க காக்கா, எப்படிப்பட்ட மனிசன்!"

"டேய், அது நடிப்புடா. சோடா விக்கிறதுக்கு."

"உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்தான்."

இறுதி ஆட்டத்தில் கப்டனின் கழகத்தோடு மோதத் தம்பியின் கழகம் வந்துவிட்டது. அடுத்த கிழமை அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். இத்தனை வருடம் ஆடியும் அந்தக் கிண்ணத்தை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இந்த முறை தொட்டுவிட்டுத்தான் பிளேன் ஏறுவேன் என்று உம்மாவிடம் சொல்லியிருந்தான்.

எங்கள் போட்டிகளில் ஒரு வழமை உண்டு. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் ஆட்டம் முடிந்தது. சமநிலையென்றால் கிண்ணம் பழைய வெற்றியாளரிடமே தங்கும். ஆகவே பொழுது சாயச் சாயக் கப்டனின் ஆட்களுக்கு நோய்கள் வரும். ஒருவனுக்குக் கால் பிடிக்கும், இன்னொருவனுக்குக் கண்ணில் மணல் விழும். பாங்கு சொன்னதும் அத்தனையும் குணமாகிவிடும். வெட்கங்கெட்டவர்கள்!

அன்றைக்கும் சமநிலை. மேற்கே சிவந்துவிட்டது. தம்பி கோல்காப்பாளரையும் வெட்டிக்கொண்டு போய்விட்டான். முன்னால் வெறும் கோல். துரத்தி வந்த கப்டன், "யா அல்லாஹ்!" என்று காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஒருவரும் அவனைத் தொடவில்லை.

"அடிடா! அடிச்சிட்டுப் பாருடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

தம்பி பந்தை வெளியே உதைத்தான். ஓடிப்போய்க் கை நீட்டினான்.

"கொஞ்சம் இருடா, நோகுது" என்று கப்டன் அந்தக் கையைப் பிடித்தபடியே கிடந்தான். கம்பனியின் கமராக்காரன் ஓடி வந்ததும், நோவில் துடித்தவன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தான். அப்படியே பாங்கு சொல்லும்வரை கிடந்தான். பிறகு துள்ளி எழும்பினான். தொழுகை முடிந்து வந்தபோது கிண்ணமும் அவனுக்கு, சிறந்த பண்பாளர் கேடயமும் அவனுக்கு. அவன் பெயர் பொறித்து முந்தின நாளே கொழும்பிலிருந்து வந்திறங்கியதாம். தூ!

அந்த விளம்பரம் திருத்தியது ஒரே ஒரு ஆட்டக்காரனை. அவனைத் திருத்தத் தேவையே இருக்கவில்லை.

அடுத்த கிழமை தம்பியை ஏற்றிக்கொண்டு வேன் கல்முனை பஸ் நிலையத்தடியில் திரும்பியது. அங்கே புதிய விளம்பரப் பலகை. அதே வாசகம், கப்டனின் சிரித்த முகம். அவனைத் தூக்க நீண்ட கையை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள்.

தம்பி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான்.

"உம்மா, அது என்ட கை."

"எங்க மனே?" என்று உம்மா எட்டிப் பார்ப்பதற்குள் வேன் தாண்டிவிட்டது.