மோட்டாருக்குத் தடை

கோலா கங்சாரிலிருந்து ஈப்போ திரும்பும் வழியில், ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் வாசல். தடுப்புக் கட்டைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் கிராமக் கிளினிக் தாதி கையை நீட்ட, காரை நிறுத்துகிறேன்.

“செம்பனைக் குலை திருடுறவன் மோட்டார்லதான் வர்றானாம், அங்கிள். அதனால என்னையும் விட மாட்டேங்கிறாங்க. வேலையாளுங்க குடியிருக்கிற லயம் ரொம்ப உள்ள இருக்கு. போன வாரம் பிள்ளை பெத்த பொண்ணு, தலைவலி, கண்ணு மங்குதுன்னு காலையில போன் பண்ணுச்சு. இப்ப எடுக்க மாட்டேங்குது.”

நான் சுகாதார இலாகாவில் ஓய்வு பெற்றவன். அந்த அறிகுறிகள் வலிப்பில் முடியலாம் என்று தெரியும். விதிமுறையும் தெரியும்.

“நிர்வாகியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கணுமே, அம்மா.”

“அவரு ஈப்போவுல மீட்டிங்ல இருக்காரு லா. பிரஷர் அதுவரைக்கும் காத்திருக்குமா?”

காரில் ஏறச் சொல்கிறேன். காவலாளி சலாம் வைத்துக் கட்டையைத் தூக்குகிறார். உள்ளே யார் என்று பார்க்கவில்லை. குலை திருட என் காரின் பின்பெட்டியில் தாராளமாக இடமிருக்கிறது.

லயத்தின் கடைசி வீடு சாத்தியிருக்கிறது. தாதி அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து குழந்தை மட்டும் பதிலுக்கு அழுகிறது.