சோயா சாஸ் இல்லாமல் ஒரு தட்டு

ஹோட்டலில் பரிமாறுகிறவர்களுக்கு முதலில் வருவது கால் வலி, அடுத்து வருவது சிரிப்பு வலி. சிரித்துச் சிரித்து வயிற்றில் வருமே, அது இல்லை. கடை திறந்ததிலிருந்து முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டே நிற்பதால் தாடையில் வருவது. ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவர்களுக்கும், சில்லறை கேட்டுக் கேட்டுத் தொண்டை போன கண்டக்டர்களுக்கும் இது சொல்லாமலே புரியும். மற்றவர்கள் நம்பினால் போதும்.

நான் வேலை பார்ப்பது கள்ளக்குறிச்சி பைபாஸ் பக்கம் ஒரு ஆசியன் ஃப்யூஷன் ரெஸ்டாரண்டில். முதலாளி சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். சைனா, ஜப்பான், தாய்லாந்துச் சாப்பாட்டோடு நம்ம ஊர்ச் சாப்பாட்டைக் கலந்து போட்டால் அதுதான் ஃப்யூஷன் என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். கருவேப்பிலை போட்ட ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் உண்டு, சாமையில் செய்த தாய்லாந்து ஃப்ரைடு ரைஸ் உண்டு, உள்ளே மட்டன் சுக்கா வைத்துக் கொழுக்கட்டை மாதிரி அவிக்கிற டிம்சம் உண்டு. சுவரெல்லாம் மூங்கில், மேலே சிவப்புக் கூண்டு விளக்கு. வெளிச்சம் மட்டும் கம்மி. என் சட்டையில் எஸ்தர் என்று பெயரும் அதன் கீழே கேப்டன் என்றும் எழுதியிருக்கும். ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு இந்த லைனில் அதுதான் பட்டம். தியாகதுருகத்தில் எங்கள் வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது என் வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்டார்: "கப்பல் எங்க நிக்குது?"

வெள்ளைச் சட்டை

ஒரு விவசாயி, நல்ல வசதிக்காரர், காலேஜில் படிக்கிற மகளோடு வந்தார். மகள் குச்சியால் நூடுல்ஸ் சாப்பிட்டுக் காட்டினாள். அவருக்கு ஸ்பூன் வேண்டுமா என்று கேட்டேன். மகள் எதிரில் தோற்க மனசில்லை போல, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் குச்சியை எடுத்தார். பேனா பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தார், இடுக்கி மாதிரி பிடித்துப் பார்த்தார். நூடுல்ஸ் பாதி தூரம் ஏறும், அங்கேயே யோசிக்கும், கீழே விழும். விழுந்த இடமெல்லாம் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை.

நான் ஈரத்துணி கொண்டுபோய்க் கொடுத்தேன், டிஷ்யூ கொடுத்தேன், கடைசியில் அவர் கேட்காமலே ஒரு ஸ்பூனையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இந்த வேலையில் வேறு பக்கம் பார்ப்பதும் ஒரு உபசாரம்தான். போகும்போது வாசலில் என்னிடம் சொன்னார்: "கையால சாப்புட்டா கைய மட்டும் கழுவுனா போதும். இங்க வந்தா சட்டையவே தோய்க்கணும் போலக்கீதே."

மாஸ்டரைப் பார்க்கணும்

எங்கள் சமையல்காரர் கல்வராயன் மலைக்காரர், வெள்ளிமலைப் பக்கம். சென்னையில் பெரிய ஹோட்டல்களில் வோக் சட்டியைச் சுழற்றிச் சுழற்றித் தோள்பட்டை போனவர். முதலாளி அவரை செஃப் என்று கூப்பிடச் சொல்கிறார். மாஸ்டர் என்றால்தான் அவர் திரும்புவார். எதற்கும் சீக்கிரம் சிடுசிடுப்பார், அதில் பெரியவர் சின்னவர் வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஒரு நாள் சேலத்திலிருந்து வந்த குடும்பம் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லி, சமைத்தவரோடு போட்டோ எடுக்க வேண்டும் என்றது. சைனாக்காரரோ நேபாளக்காரரோ வரப்போகிறார் என்று குழந்தைகளெல்லாம் தலை வாரிக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் ஏப்ரனைத் தட்டிக்கொண்டு வந்து, வணக்கங்க என்றார். குழந்தைகள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னார். அந்த வீட்டுப் பெரியவருக்குச் சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கிட்டே வந்து கேட்டார்: "வெள்ளிமலையா? அப்ப நல்ல தேன் கெடைக்குமாங்க?"

மூன்று பேருக்கு ஒரு மேஜை

ஒரு சனிக்கிழமை, விளக்குப் போட்டவுடனே மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரும் அக்கா தங்கைகள் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. பெரியவர் தனம், களமருதூரில் நெல்லும் மாடுமாக இருக்கிறவர். நடுவில் சுமதி, உளுந்தூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். சின்னவள் ரேவதி, கல்யாணம் ஆகவில்லை, பெரியக்கா வீட்டிலேயே இருக்கிறாள். அக்காக்கள் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஏதோ விசேஷத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சுடிதாரில் வந்த ரேவதி மட்டும் இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெயரெல்லாம் அவர்கள் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டதில் எனக்குத் தெரிந்தது. பரிமாறுகிறவர்களுக்குக் காது கேட்காது என்று ஜனங்கள் நம்புகிறார்கள்.

தனம் மெனுவைத் திறக்கவே இல்லை. சின்னவளுக்கு உப்பு கூடாது, சோயா சாஸ் கூடாது, அஜினமோட்டோ, தக்காளி, தேங்காய் எதுவும் கூடாது என்றார். எனக்கு அலுப்பாக வந்தது. டயட் என்று சொல்லிக்கொண்டு வந்து முட்டை இல்லாமல் எக் ரைஸ் கேட்டவர்களை எல்லாம் பார்த்தவள் நான். பழகிய சிரிப்போடு, நீங்கள் சொன்னதை எல்லாம் எடுத்துவிட்டால் எங்களிடம் மிச்சம் தட்டுதான் இருக்கும் என்கிற அர்த்தத்தில் மரியாதையாகச் சொன்னேன். அப்படியானால் வேறு கடைக்குப் போகலாம் என்று சுமதி எழுந்தார். அப்போதுதான் ரேவதி துப்பட்டாவை ஒதுக்கிக் கையைக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்து, ஊசி போட்ட இடமெல்லாம் பிளாஸ்திரி. டயாலிசிஸ். மிஷினில் படுத்திருக்கிற நேரமெல்லாம் போனில் எங்கள் கடைப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம். வரும் திங்கட்கிழமை சென்னையில் ஆபரேஷனுக்குச் சேர வேண்டும், பெரியக்காதான் கிட்னி தருகிறார். போவதற்கு முன்னால் எங்கே போகலாம் என்று அக்காக்கள் கேட்டதற்கு இவள் சொன்ன இடம் இது. என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்: "ருசி எப்டி இருந்தாலும் பரவால்லக்கா. போட்டோல கீற மாதிரி இருந்தா போதும்."

மாஸ்டர் சட்டியைக் கழுவினார்

சனிக்கிழமை மாலையில் மாஸ்டரிடம் போய் எதையாவது மாற்றிச் செய்யச் சொல்வது, ஓடுகிற பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்துகிற மாதிரி. நான் சொன்னதும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லா சாஸும் பாட்டிலில் வருகிறது, எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது, வெறும் சோறு வடித்துக் கொடுக்கவா இவ்வளவு பெரிய கடை என்று கரண்டியால் தட்டினார். நான் திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். அடுப்பைக் குறைத்தார். இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், எலுமிச்சை இதெல்லாம் ஆகுமா என்று கேட்டுவரச் சொன்னார். ஓடிப்போய்க் கேட்டேன். கோழி ஆகுமா என்றார். மறுபடி ஓடினேன். ரேவதி தன் ஆஸ்பத்திரி டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள், கொஞ்சமாக ஆகும் என்று.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். சட்டியில் பழைய சாஸ் பிடித்திருக்கும் என்று சொல்லி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தேய்த்துக் கழுவி, திரும்பக் காய்ச்சினார். மற்ற மேஜைகளின் ஆர்டரெல்லாம் வரிசையில் நின்றது. ஜன்னல் பக்கத்து மேஜைக்காரர் என்னைக் கூப்பிட்டு, பசிக்கு வந்தோமா பஜனைக்கு வந்தோமா என்று கேட்டார். முதலாளி கல்லாவிலிருந்து கண்ணால் கேட்டார். நான் இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பைக் கொடுத்தேன். கடைசியில் வந்தது அரிசி நூடுல்ஸ். பூண்டும் மிளகாயும் எண்ணெயில் பொரிந்த வாசனை, வேகவைத்து வடித்த கோஸ், எலுமிச்சைத் தோல் துருவல், மேலே பூ மாதிரி செதுக்கிய கேரட் ஒன்று. பக்கத்தில் மூங்கில் கூடையில் ஆவி பறக்கக் கோழி வைத்த டிம்சம். போட்டோவில் இருப்பதைவிட நன்றாகவே இருந்தது. நான் தட்டை எடுக்கும்போது மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "இதுக்கு இன்னா பேருன்னு யாராச்சும் கேட்டா சொல்லிடாத எஸ்தரு. மொதலாளி நாளைக்கே மெனுல போட்டுடுவாரு."

கை கழுவுகிற இடத்தில்

ரேவதி ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டாள். மூக்கில் வேர்த்தது, காரம் நல்லா இருக்கு என்றாள். தனம் அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தனக்கு வந்த சாமை ஃப்ரைடு ரைஸைக் கலியாண வீட்டில் சாப்பிடுகிற வேகத்தில் முடித்தார். சுமதிதான் சரியில்லை. எல்லாவற்றையும் ஆர்டர் பண்ணியது அவர்தான். ராமென், சுக்கா டிம்சம், இறால் என்று மேஜை நிறைந்து கிடந்தது. எதையும் தொடவில்லை. எல்லோர் தட்டிலும் எடுத்து வைப்பதும், தண்ணீரை நகர்த்துவதும், ரேவதியின் துப்பட்டாவைச் சரி பண்ணுவதுமாக இருந்தார். மீதியாகிற மேஜையைப் பார்த்தால் எங்களுக்குச் சாப்பாடு சரியில்லையோ என்று பயம் வரும். கிட்டே போய் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அவர் எழுந்து கை கழுவுகிற இடம் எங்கே என்று கேட்டு என் பின்னால் வந்தார்.

அங்கே குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். கை நனையவில்லை. உடம்பு சரியில்லையா என்றேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஏழாவது மேஜையில் கை தூக்கிக் கூப்பிடுவது எனக்குத் தெரிந்தது. போக முடியவில்லை. டிஷ்யூ எடுத்துக் கொடுத்துவிட்டுக் குழாயை மூடினேன். அவர் சொன்னது இதுதான்: "மொதல்ல எனக்குத்தான் டெஸ்ட்டு பாத்தாங்க. என்னுதே பொருந்திச்சு. எங்க வூட்ல வுடல."

ஒரே மாதிரி தட்டு

திரும்பி வந்து உட்கார்ந்ததும் சுமதி என்னைக் கூப்பிட்டு, சின்னவளுக்குக் கொண்டுவந்த அதே தட்டு தனக்கும் ஒன்று வேண்டும் என்றார், உப்பில்லாமல், அதே மாதிரி. மாஸ்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதே எனக்கு முதலில் தோன்றிய கவலை. நல்லவேளையாகத் தனம் கை காட்டி என்னை நிறுத்தினார். சுமதியிடம், எனக்கு எல்லாம் தெரியும், உன் புருஷன் வீட்டில் நடந்த பேச்சு வரைக்கும் என்று மெதுவாகச் சொன்னார். இது நாள் வரை மூவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை என்பது மற்ற இரண்டு பேரும் தலை குனிந்த விதத்தில் எனக்குப் புரிந்தது. ரேவதி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

தனம் சத்தம் போடவில்லை. இறால் தட்டை எடுத்துச் சுமதி முன்னால் நகர்த்தி வைத்தார். பாதி இறாலைத் தன் கையாலேயே எடுத்துச் சுமதி தட்டில் போட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீயும் உப்பில்லாம தின்னுட்டா ஆச்சா? நாங்க ரெண்டு பேரும் அங்க படுத்துகினு இருக்கசொல்ல எங்க வூட்டு மாட்ட யாரு பாக்கறது? நல்லா சாப்புடு."

சுமதி சாப்பிட்டார். அழுதுகொண்டேதான். ராமென் கிண்ணம் வரைக்கும் காலி.

வெளியே நின்ற ஆட்டோ

எங்கள் தொழிலின் பெரிய குறை, யாருடைய கதைக்கும் முடிவு தெரியாது என்பது. சாப்பிட்டு எழுந்து போய்விடுவார்கள். அடுத்த ஆள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அந்த மழைக்காலம் முழுக்கக் கதவு திறக்கும்போதெல்லாம் பட்டுச்சேலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் மூன்று பெண்கள் சேர்ந்து வந்தால் சமையல்கட்டுக் கதவைத் தள்ளி ஒரு பார்வை பார்ப்பார்.

பொங்கல் தாண்டி ஒரு மத்தியானம் சுமதி மட்டும் தனியாக வந்தார். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த ஆர்டர் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். வெயிலில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே ரேவதி, முகத்தில் மாஸ்க். கூட்டத்துக்குள் போகக்கூடாது, வெளிச் சாப்பாடும் இன்னும் கொஞ்ச நாளைக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். போன வாரம் சென்னையில் செக்கப் நல்லபடியாக முடிந்ததாம், என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஊரிலிருந்தே ஆட்டோ வைத்து வந்திருக்கிறாள். மடியில் பெரிய தண்ணீர் பாட்டில். முன்னெல்லாம் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடித்தால் திட்டுவார்கள், இப்போது குடிக்காவிட்டால் திட்டுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லிக் குடித்தாள்.

பெரியக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கனம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகாமல் அவரைப் பிடித்து வைப்பதுதான் வீட்டில் பெரிய வேலை, சுமதியக்கா இரண்டு மாசமாக அங்கேயே தங்கிக் காவல் காக்கிறார் என்றாள். புருஷன் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார் என்று சுமதியின் முகத்தில் தெரிந்தது. பேச்சுச் சத்தம் கேட்டு மாஸ்டர் ஏப்ரனோடு வாசலுக்கு வந்து, பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ரேவதி மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பெரியக்கா கிட்னி உள்ள வந்ததுலருந்து எனக்கும் எல்லாரையும் வெரட்டி வேல வாங்கணும்போலவே கீதுக்கா."

ஜனங்கள் புதுச் சாப்பாடு தேடித்தான் இங்கே வருகிறார்கள் என்று முதலாளி இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார், நான் மறுத்துப் பேசுவதில்லை.