சித்தப்பா போட்ட மெட்டு

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில், ஓர் ஆர்மோனியப் பெட்டி சிவப்புத் துண்டு போர்த்தி இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், "நீங்க வாசிப்பீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. அது என் சித்தப்பாவுடையது. கோவில்பட்டியில் நூல் மில்லில் வேலை பார்த்தவர், செங்கொடிச் சங்கத்துக்காரர், எந்தச் சாமிக்கும் கை கூப்பாதவர். துண்டும் அவருடையதுதான். எத்தனை முறை துவைத்தும் சாயம் போகவில்லை. ஆளும் அப்படித்தான் இருந்தார்.

சித்தி அவருக்கு நேர் எதிர். அவள் என் அம்மாவின் தங்கை. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கோயில் என்று அவள் சொல்வது கிறிஸ்தவ தேவாலயத்தை. இருவரும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள். அவள் கோயிலுக்குப் போவதை அவர் தடுக்கக் கூடாது, அவரை உள்ளே வரச் சொல்லி அவள் இழுக்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொண்டார்களாம். நான் அவர்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்த காலத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஞாயிறு காலையில் சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் கட்சிப் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழை வந்தாலும் டீக்கடைத் தகரத்துக்கு அடியில்தான். "உள்ள போய் உக்காந்தா என்ன, பெஞ்சு கடிச்சிருமா?" என்று கடைக்காரர் சீண்டுவார். "பேச்சு பேச்சுதான் அண்ணாச்சி" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புவார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சித்திக்கு மனசு ஆறவே இல்லை. தான் செத்தால் தலைமாட்டில் எந்த ஜெபமும் சடங்கும் கூடாது, கொடியைப் போர்த்தினால் போதும் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். "ஒரு ஜெபம் இல்லாம உங்கள நான் எப்படிங்க அனுப்புவேன்?" என்று சோறு போடும்போதே சித்தி கண்ணைத் துடைப்பாள். "அதுக்கு இன்னும் நாள் கிடக்கு. இப்ப ரசத்த ஊத்து" என்பார் அவர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

நான் அங்கே இருந்த ஒரு வருஷம், மே தினக் கூட்டத்துக்குத் தீப்பெட்டித் தொழிலாளர்களைப் பற்றி ஒரு புதுப் பாட்டு வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். வார்த்தைகளை அவரே எழுதிக் கொடுக்க, சித்தப்பா சங்க அலுவலகத்திலேயே ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து மெட்டுப் போட்டார். வீட்டுக்கு வந்து ஒரே பீற்றல். "சொந்த மெட்டுட்டி! நெஞ்சுக்குள்ள இருந்து தானா வந்துச்சு. கூட்டத்துல வந்து கேளு, அசந்துருவ" என்றார் சித்தியிடம். அதுவரை வாசித்துக் காட்டவும் மாட்டேன் என்றுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பந்தல். வெயில் தாழ்ந்த நேரம், கரிசல் புழுதி முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது. முன்வரிசை முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். அதில் பாதிப் பேர் சித்தியின் சபைக்காரர்கள். சித்தப்பா துருத்தியை அழுத்தி மெட்டின் முதல் அடியை வாசித்தார். அவ்வளவுதான். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்கள். சித்தியும் மூடினாள். என் கையே துப்பட்டாவுக்குப் போய்விட்டது. சபையில் ஜெபத்துக்கு முன்னால் பாடுகிற பாட்டின் மெட்டு அது! அரிசி களையும்போதும் துணி காயப்போடும்போதும் சித்தியின் வாய் அதைத்தான் முணுமுணுக்கும். வருஷக்கணக்காக அவர் காதில் விழுந்து உள்ளே தங்கிவிட்டது. மனுஷர் அதைத் தன்னுடையது என்று சத்தியமாகவே நம்பிவிட்டார்.

செயலாளர் மைக்கிலேயே கேட்டார்: "தோழர், இது மே தினக் கூட்டமா, ஜெபக் கூட்டமா?"

"என் சொந்த மெட்டு தோழர்!" என்று சித்தப்பா கத்தினார்.

சித்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஏட்டி, களவாணியப் பாரேன். கோயிலுக்கு வரமாட்டாராம், பாட்ட மட்டும் தூக்கிக்கிடுவாராம்" என்றாள் என்னிடம்.

ஆனால் பாட்டை யாராலும் மாற்ற முடியவில்லை. மெட்டு ஏற்கெனவே தெரிந்ததால் பெண்கள் வார்த்தைகளை உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மே தினத்திலும் அதுதான் பாட்டு என்றாகிவிட்டது. சித்தி கேலி செய்தால், "உங்க கோயில்காரங்கதான் நம்ம மெட்ட எடுத்துட்டாங்க" என்பார் சித்தப்பா, கொஞ்சமும் வெட்கமில்லாமல். தேர்தல் வந்தால் கோயிலில் விபூதி, சர்ச்சில் மெழுகுவர்த்தி, பள்ளிவாசலில் குல்லா என்று வேஷம் கட்டுகிறவர்களை இன்று டி.வி.யில் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கேயும் நுழையாமல் வாசலிலேயே காத்திருந்த அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

போன ஆடியில் சித்தப்பா போய்விட்டார். நான் ரயிலில் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கொடி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். சித்தியின் சபைப் போதகர் வந்து ஓரமாக நின்றிருந்தார். மெல்லச் சித்தியிடம் குனிந்து, "சின்னதா ஒரு ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டார். நான் சித்தியின் முகத்தையே பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அவள் ஏங்கிக் கிடந்தது அதற்குத்தானே.

"வேண்டாங்கய்யா" என்றாள். "அவிய ஒரு நாளும் என்னைய மறிச்சதில்ல. அவிய சொன்னத நானும் மீறமாட்டேன்." எனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது அப்போதுதான்.

தூக்கும் நேரம் வந்தது. தோழர்கள் கை உயர்த்திக் கோஷம் போட்டார்கள். பிறகு அவர் பாட்டை ஆரம்பித்தார்கள். முதல் அடி காதில் விழுந்ததுமே தெருவில் நின்ற பெண்களின் முந்தானைகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு ஏறின. சித்தியும் தலையை மூடிக்கொண்டாள். கண்கள் மூடியிருந்தன, உதடுகள் அசைந்தன. ஓர் இளந்தோழன் தயங்கிப் பாட்டை நிறுத்தப் பார்த்தான். அன்று மே தினத்தில் மைக்கில் கேள்வி கேட்ட அதே செயலாளர், இப்போது கிழவர், அவன் தோளில் கை வைத்தார். "அது அவரு சொந்த மெட்டுலே. பாடு" என்றார். சித்தி எந்த வார்த்தைகளைப் பாடினாள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது சித்தி என்னோடு சென்னையில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத ஊர் இதென்ன ஊர் என்று அலுத்துக்கொள்வாள். இங்கே சர்ச்சில் பெரிய திரை, டிரம்ஸ், கிடார் எல்லாம் உண்டு. "பாட்டு நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுக்குள்ள எறங்க மாட்டேங்குது" என்கிறாள். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள், நேரே ஆர்மோனியத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். சிவப்புத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் துருத்தியை அழுத்தி, ஒற்றை விரலால் கட்டைகளைத் தேடித் தேடி அமுக்கினாள். தட்டுத்தடுமாறி அந்த மெட்டு வந்தது.

"என்ன சித்தி, கோயில் பாட்டா?" என்று அடுப்படியில் இருந்தபடியே சீண்டினேன்.

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இல்லட்டி. உங்க சித்தப்பா போட்ட மெட்டு" என்றாள்.